ஆகாயத்தில் ஏறிய தாய்மாமன்

“கண்ணுல ஏதும் விழுந்துட்டாம்மா?” என்று கேட்டார் கல்யாண வீட்டுக்காரர்.

ஒன்றும் விழவில்லை. நான் அவருடைய கண்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எதிரில் இருப்பவருக்கு நம் மேல் நம்பிக்கை வர வேண்டுமானால் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பகல் வெயிலில் இமைக்காமல் பார்த்ததில் எனக்கே கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அவர் உள்ளே திரும்பி, “ஏளா, ஒரு செம்புல தண்ணி கொண்டா. இந்தப் பிள்ளை கண்ணைக் கழுவட்டும்” என்றார்.

கழுவினேன். வேறென்ன செய்வது?

அவர் பெயர் வேலாயுதம். மறுநாள் காலை அவர் மகளுக்குக் கல்யாணம். அன்று மாலையே மாப்பிள்ளை அழைப்பு. வாசலில் பந்தல், பந்தலுக்குள் பாத்திரச் சத்தம், வெங்காயம் வதங்கும் வாசனை. அந்த வாசலிலிருந்து பார்த்தால் தெருமுனை தெரியும். அங்கேதான் நான் கூட்டிக்கொண்டு வந்த வண்டி நின்றது. உங்கள் தெருவுக்குள் ஒரு வண்டி வருகிறது, அது உங்கள் தெருவைவிட நீளம் என்றால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படித்தான் அந்த ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெருவுக்கு அடங்காத சாமான்

மெக்கானிக்கல் படித்துவிட்டு, தூத்துக்குடியில் பெரிய சரக்குகளைக் கொண்டுசேர்க்கும் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் வந்திறங்கும் காற்றாலை இறக்கைகளை டிரெய்லரில் ஏற்றிக் காற்றாடி நடுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓர் இறக்கை அறுபது மீட்டருக்கும் மேல். தூரத்தில் சுற்றும்போது விசிறி மாதிரி தெரிகிற அது, பக்கத்தில் வந்து படுத்தால் திமிங்கலம்.

என் வேலை, வண்டி போவதற்கு முன்னால் வழியைப் போய்ப் பார்த்து வருவது. எந்தத் திருப்பம் குறுகல், எந்த மின்கம்பி தாழ்வு, எந்த மரக்கிளையைக் கட்டி இழுக்க வேண்டும் என்று அளந்து படம் போட்டுக் கொடுப்பேன். வழக்கமான ரோட்டில் பாலவேலை நடந்ததால், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமாகச் சுற்றி, இந்த ஊருக்குள் நுழைந்து போகும்படி ஆயிற்று. நான் அளந்த அன்றைக்குத் தெருமுனை காலியாகக் கிடந்தது. ஓர் ஆடு மட்டும் நின்றது. அதையும் படத்தில் குறித்திருந்தேன் என்று என் மேலாளர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அங்கே ஓர் ஆர்ச் நின்றது. சாதாரண ஆர்ச் இல்லை. இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, பட்டுத்துணி சுற்றி, இரண்டு காலிலும் குலை தள்ளிய வாழை கட்டி, உச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அதில் இரண்டாள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றார். “மருமகள் சுபாஷினியின் திருமண விழாவுக்கு வருகை தரும் உறவுகளை வரவேற்கும் தாய்மாமன் இசக்கிமுத்து, ஆத்தூர்.”

டிரெய்லரின் முன்பக்கம் திரும்பும்போது இறக்கையின் வால் பக்கவாட்டில் வீசும். வீசினால் முதலில் அடிபடுவது தாய்மாமன்தான்.

ஓட்டுநர் பல்ராம் ராஜஸ்தான்காரர். இறங்கி வந்து ஆர்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேடம், ஷாதி” என்றார். கல்யாணம் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

மேலாளரைப் போனில் பிடித்தேன். “கூட போலீஸ் வந்திருக்காங்கல்ல? அவங்களை வச்சு எடுத்துட்டு வந்துரு. பெர்மிட் இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்” என்றார்.

கூட வந்த ஏட்டையா கையெடுத்துக் கும்பிடாத குறை. “மேடம், கல்யாண வீடு. நான் கை வச்சா நாளைக்கு ஊரே ஸ்டேஷன் வாசல்ல உக்காந்துரும். நீங்க பேசி முடிங்க. நான் இங்கனயே நிக்கேன்.”

எனக்கும் போலீசை வைத்து எடுப்பதில் இஷ்டமில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இதே திருப்பம் வழியாக இன்னும் பல இறக்கைகள் வர வேண்டியிருந்தது. முதல் நாளே கல்யாணத்தைக் கெடுத்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் அந்த ஊரில் ஆர்ச் இருக்காது, முள்மரம் வெட்டிப் போட்டிருக்கும். வேலையில் நிரந்தரம் ஆவதும் அந்தத் திருப்பத்தில்தான் நின்றது.

மூன்று நாள் பயிற்சி

இந்த இடத்தில் என் பயிற்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்ததும் புதிய எஞ்சினீயர்கள் எல்லோரையும் ஓர் ஓட்டலின் ஏசி ஹாலில் மூன்று நாள் உட்காரவைத்தார்கள். மனிதர்களிடம் பழகுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். கை குலுக்கும்போது செத்த மீன் மாதிரி கையைக் கொடுக்கக் கூடாது என்றார். கடலோரத்தில் பிறந்தவர்கள் நாங்கள். செத்த மீன் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எதிராளி பேசும்போது தலையை ஆட்ட வேண்டும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். எதையும் இரண்டு பக்கத்துக்கும் லாபம் என்று எடுத்துவைக்க வேண்டும். ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராகவும் ஒருவர் எஞ்சினீயராகவும் நடித்துக் காட்டினோம். அதில் எனக்குத்தான் முதல் பரிசு. ஒரு பேனா கொடுத்தார்கள்.

பரிசு வாங்கிய மறுவாரமே துறைமுக ஷெட்டில் மூக்குடைபட்டேன். ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்; எங்கள் ஆபீசில் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஃபோர்க்லிஃப்ட் வேண்டுமென்று அவருக்கு மெயில் அனுப்பினேன். ‘ஆவன செய்யவும்’ என்று ஆங்கிலத்தில் முடிகிற மரியாதையான மெயில். கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“உன் மெயில் வந்துச்சும்மா. ‘டூ தி நீட்ஃபுல்’னு போட்டிருக்கே. அந்த நீட்ஃபுல் என்னதுன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“ஃபோர்க்லிஃப்ட் வேணும் காக்கா.”

“எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு ஜன்னல்தான இருக்கு. அது வழியாச் சொன்னா வராதா?”

ஃபோர்க்லிஃப்ட் ஐந்து நிமிடத்தில் வந்தது. ஜன்னலுக்கும் அன்றிலிருந்து வேலை வந்தது.

லாபமும் நஷ்டமும்

கழுவிய கண்ணோடு மறுபடி வேலாயுதத்தின் முன் நின்றேன்.

“சார், ரெண்டு பேருக்கும் லாபமா ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம் சார்.”

“கல்யாண வீட்டுல வந்து லாபம் நஷ்டம் பேசுதியே பிள்ள” என்றார் வருத்தமாக.

தலையை ஆட்டினேன். “லாபம் நஷ்டம் பேசக் கூடாதுன்னு சொல்றீங்க” என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

“அதத்தான சொன்னேன்.”

பயிற்சி அத்தோடு தீர்ந்துவிட்டது. நேராகவே கேட்டேன். “அந்த ஆர்ச்சை ஒரு மணி நேரம் மட்டும் கழட்டிட்டு, திரும்ப அப்படியே மாட்டிக் கொடுத்துடறோம் சார்.”

பந்தலுக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கழட்டுவது என்ற சொல்லை அந்த வாசலில் சொன்னதே தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள், கட்டிய வாழையையும் தோரணத்தையும் கழட்டச் சொல்லி ஒருத்தி வந்து நிற்கிறாள். கண்ணைக் கழுவிய செம்பில் வாயையும் கழுவச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னைக் கேக்காதம்மா. அது நான் கட்டுன ஆர்ச் இல்ல. அவனைக் கேக்காம நான் எப்படித் தொடுவேன்?”

சொல்லும்போது அவர் கண் என் மேல் இல்லை, தெருமுனை ஃப்ளெக்ஸ் மேல் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசும் பயிற்சியால் நான் அடைந்த ஒரே பலன் அதைக் கவனித்ததுதான். அவர் எரிச்சல்படவில்லை. பயந்தார்.

வாட்ஸ்அப்பில் வந்த தேதி

வேலாயுதத்தின் மனைவி சண்முகத்தாய் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். “வெயில்ல நிக்கியே, முதல்ல சாப்பிடு” என்று இலையைப் போட்டு, சூடான கேசரியை வைத்தார். நெய் இலையில் வழிந்தது. நான் அதிகம் கேட்கவே இல்லை. “அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கிறது உங்க அண்ணனா?” என்றேன். மடை திறந்துவிட்டது.

“தம்பி. ஆத்தூர்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கான். எம்மவ காலேஜ் படிச்சதெல்லாம் அவன் வீட்டுல இருந்துதான். தினம் பைக்ல கொண்டு விடுவான், கூட்டியாருவான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா இவன் கொடிக்காலுக்குப் போவ மாட்டான்.”

“பிறகு?”

“மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு. லீவு கம்மி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தேதி குறிக்கணும்னுட்டாங்க. இவனுக்குப் போன் போட்டா எடுக்கல, கொடிக்கால்ல நின்னிருக்கான். சாயங்காலம் பேசிக்கிடலாம்னு இவுக இருந்துட்டாக. அதுக்குள்ள எங்க கொழுந்தன் மகன் தேதியைச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தாய்மாமனுக்குத் தேதி வாட்ஸ்அப்புல போயிருக்கு. அன்னையிலேர்ந்து ஒரு மாசமா இவுககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டுக்கான். ஆனா எல்லாஞ் செய்யுதான். வெத்தலை வந்துட்டு, சீர் வந்துட்டு, அந்த ஆர்ச்சும் வந்துட்டு. எவ்வளவு கோவமோ அவ்வளவு பெருசாக் கட்டியிருக்கான்.”

“இப்ப எங்க இருக்கார்?”

“டீக்கடையில உக்காந்து ஆர்ச்சுக்குக் காவல் இருக்கான்.”

கேசரியை முடித்துவிட்டு எழுந்தேன். மீதம் வைக்கவில்லை. நன்றாக இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால்

டீக்கடை பெஞ்சில், ஃப்ளெக்ஸில் இருந்த அதே வெள்ளைச் சட்டை, அதே கறுப்புக் கண்ணாடி. கண்ணைப் பார்த்துப் பேச வழியே இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

“அண்ணாச்சி” என்றேன். சார் என்ற சொல்லைக் கல்யாண வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“சொல்லு.”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“எங்கிட்டயா?” கண்ணாடி என் பக்கம் திரும்பியது. “கல்யாண வீட்டுக்காரரு அங்கனதான இருக்காரு. அவருகிட்ட கேளு. எல்லாத்தையும் அவருதான முடிவு பண்ணுதாரு.”

“கேட்டேன் அண்ணாச்சி. அது அவர் கட்டுன ஆர்ச் இல்லையாம். உங்களைக் கேக்காம எப்படித் தொடுவேன்னார்.”

“அப்படியா சொன்னாரு?”

“அந்த வார்த்தையிலதான் சொன்னார்.”

கிளாஸில் பாதி டீ இருந்தது. அதைக் குடிக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினார். தேயிலைத் தூள் மேலே வந்து அடங்கியது.   

எழுந்தார். நேரே இறக்கையிடம் போனார். அடிப்பக்கம் தொடங்கி நுனிவரை அதைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி. நான் பின்னாலேயே போனேன். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு கனம், காற்று இல்லாத நாளில் என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்.

நுனிக்கு வந்து நின்றார்.

“ஒரு கட்டு அவுக்கக் கூடாது. ஒரு வாழை இலை கிழியக் கூடாது. அப்பம் எப்படிப் போவே? அதச் சொல்லு.”

திரும்பி ஆர்ச்சைப் பார்த்தேன். இந்த முறை தடையாகப் பார்க்கவில்லை, சரக்காகப் பார்த்தேன். கால்களைத் தரையில் நடவில்லை. மண் நிரப்பிய டிரம்களில் நிறுத்தியிருந்தார்கள். குழாய்ச் சட்டம் உறுதியாக இருந்தது. குறுக்கே இரண்டு குழாய் கூடுதலாகக் கட்டினால் போதும். வழியில் மின்கம்பம் நகர்த்த வேண்டி வரலாம் என்று ஒரு ஹைட்ரா கிரேனையும் கூட்டி வந்திருந்தோம். அது வண்டிக்குப் பின்னால் சும்மா நின்றது.

“கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே முழுசாத் தூக்கிருவோம். வண்டி போற வரைக்கும் ஆகாயத்துல பிடிச்சிருப்போம். போனதும் அதே இடத்துல இறக்கி வச்சிருவோம்.”

“ஃப்ளெக்ஸோடயா?”

“ஃப்ளெக்ஸோட.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். தூக்கம் கெட்ட கண்.

“தூக்கு” என்றார்.

இரண்டு பக்கமும் கயிறு

தூக்கும்போது ஆர்ச் காற்றில் சுழலாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆள் பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இறக்கையின் வால்பக்கம் நிற்க வேண்டியிருந்தது. ஊரில் கயிறு பிடிக்க வேறு ஆளே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தார்கள். நாற்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யாரும் என் கண்ணில் படாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

“ஒரு பக்கம் நீங்க பிடிங்க அண்ணாச்சி. இன்னொரு பக்கத்துக்குப் பொறுப்பான ஒருத்தர் வேணும். கல்யாண வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “கேட்டுப் பாரு. வந்தா வரட்டும்.”

வேலாயுதம் பந்தலிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்தால், கூப்பிடுவதற்காகவே ஒரு மாதம் காத்திருந்தவர் மாதிரி இருந்தது. இருவருக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டு, தள்ளித் தள்ளி நிறுத்தினேன். ஒருவர் தெருவுக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் ஆர்ச்சையே அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹைட்ரா உறுமியது. பெல்ட்டுகள் இறுகின. ஆர்ச் ஒரு முறை முனகிவிட்டுத் தரையை விட்டு எழுந்தது. வாழைகள் ஆடின. கைகூப்பிய தாய்மாமன் வீட்டுக் கூரைக்கு மேலே, பிறகு வேப்பமரத்துக்கு மேலே எழுந்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். நாற்பது செல்போன்கள் மேலே திரும்பின. டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டு வந்து நின்றார்.

பல்ராம் வண்டியை நகர்த்தினார். இறக்கையின் வால் மெல்ல வீசத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று புழுதியோடு வந்தது. ஆர்ச் மேலே திரும்பியது.  இன்னும் கொஞ்சம் திரும்பினால் ஒரு கால் இறக்கையில் இடிக்கும். இறக்கையில் கீறல் விழுந்தால் என் வேலை அந்தத் தெருமுனையோடு சரி.

“அத்தான்” என்று கத்தினார் இசக்கிமுத்து. “இறுக்கிப் பிடிங்க. என் மூஞ்சி திரும்புது.”

மேலே திரும்பியிருந்த செல்போன்கள் கீழே இறங்கின. ஒரு மாதத்தில் அத்தானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வேலாயுதம் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தார். “உன் மூஞ்சியத்தான ஒரு மாசமாத் திருப்பி வச்சிருக்க. இப்பம் நான் திருப்பிக் கொண்டாரேன். பேசாம நில்லுலே.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்தபடி இசக்கிமுத்துவும் சிரித்தார். சிரிப்பில் கயிறு தளர, “அண்ணாச்சி, கயிறு” என்று நான் கத்த வேண்டியிருந்தது. ஃப்ளெக்ஸ் மெதுவாக நேருக்கு வந்தது. ஆர்ச்சின் காலுக்குக் கீழே, வெள்ளையாக, சத்தமே இல்லாமல், ஒரு முழ இடைவெளியில் இறக்கையின் நுனி கடந்து போனது.

ஆர்ச்சை இறக்கியபோது பழைய இடத்திலேயே கால்கள் உட்கார்ந்தன. ஒரு வாழை இலை மட்டும் நுனியில் கிழிந்திருந்தது. இசக்கிமுத்து அதைப் பார்த்தார். அப்புறம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

கல்யாணப் பெண்ணின் கேள்வி

ஹெல்மெட்டுகளை வாங்கிக்கொண்டு, கை கழுவ வீட்டுக்குள் போனேன். மாடிப்படியில் கல்யாணப் பெண் சுபாஷினி நின்றாள். ஒரு கையில் மட்டும் மருதாணி முடிந்திருந்தது. மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, எங்க மாமாகிட்ட என்ன சொன்னீங்க? ஒரு மாசமா நானும் அம்மாவும் பேசாத பேச்சில்ல. மன்னிச்சிருங்கன்னு சொன்னோம், அழுதோம், எல்லாம் பண்ணுனோம்.”

“நான் ஒண்ணும் சொல்லல. கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“ஆர்ச்சுக்கு என்ன பண்ணலாம்னு.”

அவள் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் படியிறங்கி, பந்தலைத் தாண்டி, அத்தனை பேர் நடுவில் இசக்கிமுத்து முன்னால் போய் நின்றாள்.

“மாமா, நாளைக்கு என்னை மணமேடைக்கு நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?”

தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மேடைக்கு வருவாள். அந்தப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும். யாரும் அதை யாரிடமும் கேட்பதில்லை.

“இதெல்லாம் கேக்கணுமாளா?” என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதன் கீழே துண்டை நுழைத்துத் துடைத்துக்கொண்டார்.

வெளியே பல்ராம் ஹாரன் அடித்தார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். சண்முகத்தாய் வாசல்வரை வந்து, ஒரு தூக்குச் சட்டியில் கேசரியைக் கட்டி வண்டிக்காரர்களுக்கென்று கொடுத்தார். பந்தலின் பின்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. நான் பதறித் திரும்பினேன். இசக்கிமுத்துதான். சாம்பாருக்கு யாரைக் கேட்டு இவ்வளவு பருப்புப் போட்டீர்கள் என்று சமையற்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் அவரிடம் ஓடிப்போய், பந்தி எத்தனை மணிக்கு, மாப்பிள்ளைக்கு மாலை எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

சண்முகத்தாய் அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். “இப்பம்தான் எனக்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்றார்.